யாரைக் கேட்டு நேர்ந்துகொண்டேன்

எனக்கு முன்கோபம் உண்டு. இதை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் எங்கள் ஊரில் முதலில் எதிர்ப்படுகிறவர் சொல்லிவிடுவார். கீரனூர் போகும் சாலையில் பதினெட்டு வருஷமாக மாவு மில் நடத்துகிறேன். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிக் குரல் ஏறிப்போனது. நான் நல்லது சொன்னாலும் சண்டை மாதிரித்தான் கேட்கும். வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். கடலைக் காட்டில் நாள் முழுக்க ஒற்றை ஆளாக நின்று பழகியவர். பத்துக் கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும்.

ஒரு தை மாதக் காலையில் அவர் மில்லுக்கு வந்து கோதுமை மூட்டைமேல் உட்கார்ந்தார். நெஞ்சு கரிக்கிறது, ஒரு சோடா வாங்கித் தா என்றார். அவராக வாய் திறந்து ஒன்று கேட்டதே எனக்குச் சரியாகப் படவில்லை. மிளகாய் அரைக்க வந்திருந்த அக்கா, "வாயுவா இருக்கும்ங்க, ரெண்டு பூண்டைச் சுட்டுக் குடுங்க" என்றார். நான் வீட்டுக்காரருடைய சட்டையைப் பார்த்தேன். வெளியே பனி இன்னும் விலகவில்லை. சட்டை வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. இடது தோளைப் பிசைந்துகொண்டே இருந்தார். மோட்டாரை அணைத்தேன்.

"எம்மொளகா பாதி உள்ள கெடக்குங்க" என்றார் அந்த அக்கா.

"கெடக்கட்டும். வெளிய நிக்கிற லோடு ஆட்டோ ஒங்களுதுதான? எடுக்கச் சொல்லுங்க."

கீரனூரில் இ.சி.ஜி. எடுத்தார்கள். தாளைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. மாரடைப்புதான் என்றார். நாக்குக்கு அடியில் ஒன்று, கடித்து விழுங்க ஒன்று என்று மாத்திரை கொடுத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். இரண்டு வழி இருக்கிறது என்றார். இங்கேயே ஊசி போட்டு ரத்தக் கட்டியைக் கரைக்கப் பார்க்கலாம். இல்லையென்றால் திருச்சிக்குக் கொண்டுபோய், குழாய் விட்டு, பலூன் வைத்து அடைப்பைத் திறக்கலாம். நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் இரண்டாவதுதான் நல்லது என்றார். ஆனால் எதுவானாலும் யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஒங்க அப்பாவா இருந்தா என்ன செய்வீங்க?"

"திருச்சிக்குத்தான்மா."

"அப்ப வண்டிய வரச் சொல்லுங்க."

எங்கள் வீட்டில் ஒரு கன்றுக்குட்டி வாங்குவதென்றாலும் நாலு பேரைக் கலந்துதான் வாங்குவார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் போனில் வந்துவிட்டார். "மதினி, எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க. நான் டிக்கெட் போட்டு வாரேன். வந்து நாலு பேரைக் கலந்துக்கிருவோம். ஸ்டென்ட் வச்சா அண்ணன் அப்பறம் மம்பட்டியே புடிக்க முடியாதுங்கிறாங்க."

"நீங்க வந்து எறங்குற வரைக்கும் பொறுத்திருக்குமான்னு ஒங்க அண்ணன் நெஞ்சைக் கேட்டுச் சொல்றேன் தம்பி" என்று போனை வைத்தேன். பாவம், பாசத்தில்தான் சொன்னார். ஆனால் பாசத்தை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அப்போது தோன்றியது.

திருச்சியில் ஒரு பெண் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். அவர் என்னிடம் வரவில்லை. நேரே வீட்டுக்காரர் காதருகே குனிந்து, "ஐயா, உங்க கை மணிக்கட்டு வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு அடைப்பைத் திறக்கப் போறோம். ரத்தக் கசிவு, துடிப்பு மாறுறதுன்னு சில ஆபத்தும் இருக்கு. உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வலியில கெடக்குற மனுசன்கிட்ட என்னத்தக் கேக்குறீங்க? நாந்தான் இங்க நிக்கிறேன்ல?"

அந்தப் பெண் தலை நிமிராமல், "அவர் உடம்பும்மா. அவரைத்தான் கேக்கணும்" என்றார்.

வீட்டுக்காரர் தலையாட்டினார். கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே நான் போட்டேன். கதவைச் சாத்தினார்கள்.

அதுவரைக்கும் நான் ஒரு முடிவிலும் தடுமாறவில்லை. மோட்டாரை அணைத்ததிலிருந்து கையெழுத்துப் போட்டதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சாத்திய கதவுக்கு முன்னால் செய்ய ஒன்றுமே இல்லை. அவருடைய செருப்பும் நனைந்த சட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் என் கையில் இருந்தன. அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நார்த்தாமலை ஆத்தாளை நினைத்து வாய்விட்டே சொன்னேன். "ஆத்தா, மனுசனைத் திருப்பிக் குடுத்துரு. வர்ற பங்குனிக்கு ஒனக்கு அலகு குத்தி வருவாரு." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அப்படி.

ஒரு மணி நேரத்துக்குள் அடைப்பைத் திறந்துவிட்டார்கள். டாக்டர் திரையில் காட்டினார். முதல் படத்தில் ரத்தக்குழாய் பாதியோடு நின்றுபோயிருந்தது. அடுத்த படத்தில் அதே குழாய் நுனிவரை ஓடியது. உள்ளே வைத்திருக்கும் ஸ்டென்ட் பேனா ஸ்பிரிங்கைவிடச் சின்னது, கம்பியில் பின்னிய வலைக் குழாய் என்றார். இன்னொரு குழாயிலும் கொஞ்சம் சுருக்கம் தெரிந்தது. "கையோட அதுலயும் ஒண்ணு வச்சிருங்க" என்றேன். மில்லில் ஒரு பெல்ட் போனால் இரண்டாவதையும் மாற்றிவிடுகிறவள் நான். டாக்டர் சிரித்தார். அது பாதிக்கும் குறைவான சுருக்கம், ரத்த ஓட்டத்தைத் தடுக்கவில்லை, மாத்திரையும் நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் போதும், தேவையில்லாத இடத்தில் கம்பி வைப்பது வைத்தியம் இல்லை என்றார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு மாத்திரைகளைத் தனியாக எடுத்துக் காட்டினார். "வலை மேல உள்தோல் வளர்ந்து மூட மாசக் கணக்காகும். அதுவரைக்கும் அங்க ரத்தம் கட்டிக்காம இருக்க இந்த ரெண்டும்தான் காவல். ஒரு வருஷத்துக்கு நாங்க சொல்லாம ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. பல்லுப் புடுங்குறதுன்னாலும் எங்களைக் கேட்டுட்டுத்தான்."

இதை நான் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு, மில்லில் எத்தனை பேர் காத்துக் கிடந்தாலும், "மாத்திரை போட்டாச்சா?" என்று கத்துவேன். எதிரே டீக்கடையில் இருப்பவர்கள் அதை வைத்து மணி பார்க்க ஆரம்பித்தார்கள். அவர் தேறினார். ஒரு மாதத்தில் காட்டுக்குப் போனார். கொழுந்தனார் வீடியோவில் அண்ணனைப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல மதினி, திருச்சிதான் சரின்னு" என்றார். போகட்டும் என்று விட்டேன்.

பங்குனி வந்தது. நேர்ச்சையைப் பற்றி நான் ஒருமுறைதான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவருக்குக் கோயில் குளம் பெரிதாகக் கிடையாது. அலகெல்லாம் குத்தியதே இல்லை. சரி என்றார், அவ்வளவுதான். போய்க் காப்புக் கட்டிக்கொண்டு மஞ்சள் வேட்டியோடு வந்தார். பாயில் படுத்தார், ஒரு வேளைதான் சாப்பிட்டார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. வைத்தியமும் பார்த்தாயிற்று, சாமிக்கும் செய்தாயிற்று, இனி என்ன குறை என்று இருந்தேன்.

மூன்றாம் நாள் அவருடைய சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஏதோ தட்டுப்பட்டது. மாத்திரைகள். இரண்டு வகை, வகைக்கு மூன்று. டாக்டர் தனியாக எடுத்துக் காட்டிய அதே இரண்டு.

கொல்லையில் உட்கார்ந்திருந்தவர்முன் போய் நீட்டினேன். "இது ஏன் வயித்துல இல்லாம பையில இருக்கு?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "கோவப்படாத. போன வருசம் அலகு குத்துனவரு சொன்னாரு, ரத்தம் உறையாத மாத்திரையத் தின்னுட்டுக் குத்துனா ரத்தம் நிக்காதாம். அலகுல ரத்தம் சொட்டுனா விரதத்துல கொறைம்பாக. கொறைன்னா என்னையவா சொல்லுவாக? நேந்தது நீ. ஒன்னையத்தான் சொல்லுவாக. அதான் இந்த ரெண்ட மட்டும் நிறுத்துனேன். மத்ததெல்லாம் ஒழுங்காப் போடுறேன். மருந்தாச்சே, தூக்கிப் போட மனசு வரல."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் எனக்குச் சேர்ந்துதான் வரும். என் பேர் கெடக் கூடாது என்று அந்த மனிதர் மூன்று நாளாகத் தன் உயிரைப் பணயம் வைத்துக்கொண்டு, என் முன்னாலேயே ஒரு வேளைச் சோறு சாப்பிட்டு எழுந்து போயிருக்கிறார். நானும் மணி தவறாமல் கத்திக்கொண்டுதான் இருந்தேன். கத்தினேனே ஒழிய, விழுங்குகிறாரா என்று பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். என்னென்ன மாத்திரை எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லி, போனில் இருக்கும்போதே போட வைத்தார்கள். உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். திருச்சி போய்ச் சேரும்வரை அவர் கையை நான் விடவில்லை. மறுபடி இ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை. எல்லாம் முடியும்வரை வாசலில் நின்றேன். இந்தத் தடவை எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. பயமாக இருந்தது.

ஒன்றும் ஆகவில்லை. அதே டாக்டர்தான் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தப்பித்தது அதிர்ஷ்டம், இதே தப்பில் ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று வீட்டுக்காரரிடமே நிதானமாகச் சொன்னார். அலகு வேண்டவே வேண்டாம், வெயிலில் வெறும் வயிற்றோடு நடப்பதும் இந்த வருஷம் வேண்டாம் என்றார்.

"சாமி காரியம்மா, நேந்தாச்சே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நேரும்போது ஐயாவைக் கேட்டீங்களா?" என்றார் டாக்டர். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு அந்தக் கதவுக்குப் போவதற்கு முன்னால், வலியில் கிடந்தவரிடம்கூட இந்தச் சின்னப் பெண் குனிந்து சம்மதம் கேட்டது. கேட்டதற்கு நான் சீறினேன். கதவு சாத்திய மறுநிமிஷம் அதே உடம்பை, அதே மனிதரை, ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து ஆத்தாளுக்கு எழுதிக் கொடுத்தேன். இருபத்தெட்டு வருஷமாக நான் அவருக்கு எல்லாவற்றையும் இப்படித்தான் முடிவு செய்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவு செய்தேன். வாக்குக் கொடுத்தது என் வாய். கடனும் அதற்குத்தான். ஆனால் இந்த முறை அவரைக் கேட்டேன். "நான் நாக்குல அலகு குத்திக்கிறேன். ஒங்களுக்குச் சம்மதமா?"

அவர், "வலிக்குமே" என்றார்.

"வலிக்கட்டும். எனக்கு சுகர், பிரசர் ஒண்ணும் இல்ல. டி.டி. ஊசி போட்டுக்கிறேன்."

"அப்ப சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்ச நேரமாச்சும் அமைதியா இருக்கும்" என்றார். அவர் கேலி பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

செய்தி ஊருக்குத் தெரிந்ததும் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். அவ வாயை மூட ஆத்தாளாலதான் முடியும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். கொழுந்தனார் போன் செய்து நாலு பேரைக் கலந்தீங்களா என்றார். ஒருத்தரைக் கலந்தேன், போதும் என்றேன்.

காப்புக் கட்டி, விரதம் இருந்து, திருவிழாக் காலையில் மஞ்சள் சேலையோடு நின்றேன். விபூதியைத் தடவி, நாக்கை நீட்டச் சொல்லி, சின்ன வேல் ஒன்றைச் செருகினார்கள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். குறை இருந்தது உண்மைதானே.

மேளம் முன்னால் போக, கூட்டத்தோடு நடந்தேன். அவர் கொஞ்ச தூரம் மட்டும், நிழல் உள்ள பக்கமாக, கூடவே வந்தார். ஒரு புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தேன். மரத்தை நெருங்கும்போது யாருடைய கைக்கடிகாரமோ என் கண்ணில் பட்டது. ஒன்பது.

வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. வேல் தடுத்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு. கையை ஆட்டினால் மேளச் சத்தத்தில் யார் பார்ப்பார்கள் என்று தவித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் எனக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, எனக்குத் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார். வாயில் போட்டார். தண்ணீர் குடித்தார். விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினார்.