சத்தம் நின்ற தாடை

இடது கன்னத்துக்குள் இருபது ஆணிகளை அடக்கிக்கொண்டு குஷன்காரர் நாற்காலியைச் சுற்றி வந்தார். நாக்கு ஓர் ஆணியைப் புரட்டி, கொண்டை வெளியே வரும்படி உதட்டுக்குத் தள்ளும். காந்தம் ஏறிய சுத்தி அதை அங்கேயே ஒட்டி எடுத்து, மரச் சட்டத்தில் ஒரே போடு. ரெக்ஸினை இழுத்துப் பிடிக்க இடது கை, அடிக்க வலது கை, ஆணி எடுத்துக் கொடுக்க வாய். இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு ஆணியும் வயிற்றுக்குள் போனதில்லை.

ஆளுக்கு உட்காரத் தெரியாது. சாப்பாடுகூட நடந்துகொண்டேதான். ஒரு கையில் தட்டு. கவளத்துக்கும் கவளத்துக்கும் நடுவே மறு கை ஏதாவது ஒரு ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்க்கும். ஆணி இல்லாத நேரம் பென்சிலைக் கடிப்பார். பென்சில் இல்லாவிட்டால் நூல். அதுவும் இல்லையென்றால் வெறும் பல்லையே நறநறவென்று அரைப்பார். பக்கத்தில் தையல் மெஷினில் உறை தைக்கும் மனைவி, வாய்க்குள்ளே மாவு மில்லு ஓடுகிறதா என்று கேட்பாள்.

இடது காதுக்கு முன்னால் அவருக்கு ஒரு சத்தம் உண்டு. கொட்டாவி விட்டால் டொக். கவளம் வைத்தால் டொக். நாலு வருஷமாக இதே பாட்டு. கடைக்கு வருகிறவர்கள், எந்தக் கால் விட்டுப்போச்சோ என்று நாற்காலிகளைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை டொக் இல்லை. குஷன் வேலையில் சத்தம் போடுகிற ஸ்பிரிங்தான் கெட்ட ஸ்பிரிங். சத்தம் நின்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். அதே கணக்கைத் தாடைக்கும் போட்டார். மனைவியிடம் சொன்னார், பக்கத்துப் பூட்டுக்கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். மத்தியானம் முதல் கவளம் வாய்க்குள் நுழையவில்லை. ஒன்றரை விரலுக்குமேல் வாய் திறக்க மறுத்தது. பலவந்தம் செய்தால் தாடை இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. மர ஆப்பு ஒன்றைச் சீவிப் பல்லிடுக்கில் வைத்து நெம்பிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு பிளாஸ்டிக் மண்டையோட்டை எடுத்துக் காதுத் துவாரத்துக்கு முன்னால் விரலை வைத்தார். கீழ்த்தாடை எலும்பின் உருண்டை நுனி, மண்டை எலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வட்டு. கெட்டி நாரால் ஆனது. நடுவில் மெலிசு, ஓரத்தில் தடிமன். வாய் திறக்கும்போது உருண்டை முதலில் உருளும், பிறகு வட்டையும் கூட்டிக்கொண்டு முன்னால் சறுக்கும். இவருக்கு அந்த வட்டு முன்பக்கம் நழுவிவிட்டது. இத்தனை நாள் ஒவ்வொரு தடவையும் உருண்டை அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. அந்த ஏற்றம்தான் டொக்.

"சத்தம் நின்னது குணமாகி இல்லங்க. இப்ப அதுமேல ஏறவே முடியல. வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது."

குஷன்காரர் மண்டையோட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப திண்டு முன்னால சரிஞ்சு கெடக்கு. பின்னால கட்டின நாடா தொய்ஞ்சுபோச்சு. பிரிச்சு இழுத்துக் கட்டிருங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வட்டைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் அந்த நாடா தொய்ந்தால் மறுபடி இறுகாது. ஆனால் வட்டு பழைய இடத்துக்கு வராமலே பலருக்கு வாய் திறந்துவிடும் என்றார். பின்னாலிருக்கும் சதை மெல்லக் கெட்டிப்பட்டு, உருண்டை அதன்மேலேயே சறுக்கப் பழகிக்கொள்ளும். அதற்குத் தாடை ஓய வேண்டும். ஆணி கூடாது, பென்சில் கூடாது. உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் படக்கூடாது. சொல்லிக்கொடுத்தபடி தினமும் மெதுவாகத் திறந்து பழக வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் நல்லது. கடித்துக்கொண்டே இருந்தால் இந்த ஒன்றரை விரலே நிலைத்துவிடலாம்.

ஆணிகள் டப்பாவுக்குப் போயின, டப்பா இடுப்புக்கு. ஒரு அரங்கத்துக்கு அறுபது நாற்காலி ஒப்புக்கொண்டிருந்த நேரம். வேலை நொண்டியது. அதைக்கூடச் சமாளித்தார், வெறும் வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. சுத்தியை ஓங்கினால் பல் தானாக இறுகுகிறது. ஊசியில் நூல் கோத்தாலும் இறுகுகிறது. மனைவிக்கு அவர் நெற்றிப்பொட்டு துடிப்பது தெரிந்தால் போதும். மெஷினை நிறுத்தாமலே, "ஏங்க, பல்லு" என்பாள். ஒரு நாளைக்கு நூறு பல்லு.

"என் பல்ல நான் கடிக்க உங்கிட்ட சீட்டு வாங்கணுமா?"

"தாராளமா கடிங்க. ஆயுசுக்கும் எல்லாத்தையும் கரைச்சுக் குடிங்க."

மணிக்கொரு தரம் விரலை விட்டு அளந்தார். ஐந்தாவது வாரம் இரண்டு விரல் நுழைந்தது. மூன்றாவது விரலை வாசலில் நிறுத்திவைத்துவிட்டது தாடை.

ஆறாவது வாரம் அரங்கத்து மேனேஜர் வந்தார். நாற்பத்தொரு நாற்காலிதான் முடிந்திருந்தது. வேலையைக் குறை சொன்னவர் யாரும் அந்தக் கடையிலிருந்து மரியாதையோடு திரும்பியதில்லை. மனைவி மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டாள். மேனேஜர் ஒரு நாற்காலியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"முன்ன மாதிரி கை ஓடலையே. முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாத்துக்கிறேன்."

நெற்றிப்பொட்டில் நரம்பு எழும்பியது. மனைவி "பல்லு" சொல்வதற்குள் குஷன்காரர், பல்லோடு பல் படாதபடி, நாக்கின் நுனியை இரண்டு பல்வரிசைக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். உதட்டுக்கு வெளியே அது சிவப்பாகத் துளி தெரிய, மேனேஜரின் முகத்தையே பார்த்தபடி, நாற்பத்திரண்டாவது நாற்காலியின் ரெக்ஸினை இழுத்துப் பிடித்தார்.