கடைமடைக்கு முதல் முறை

ஆய்வுக் குழு முன்னால் லேபில் தாளாளர் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கடைசி வரிசைக் கம்ப்யூட்டர்கள் நிற்காமல் ஓடின. அவர் முதுகுக்குப் பின்னால் ‘பசுமைக் கணினியியலுக்கு நல்வரவு’ காட்டிய கம்ப்யூட்டர் மட்டும் தானாக ஷட் டவுன் ஆனது.

திருவாரூர்ப் பக்கம் நெல் விளைந்த இடத்தில் கல்லூரிகள் விளைந்த காலம். நான் கம்ப்யூட்டர் துறைத் தலைவர். சுற்றுச்சூழல் அக்கறையைப் பாடத்தில் சேர்க்க வேண்டும், அதில் மாணவர் பங்கும் வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது.

“ஆளுக்கொரு செடி நடச் சொல்லுங்க சார். போட்டோ எடுத்துருவோம்” என்றார் தாளாளர்.

வயலைத் தூர்த்துக் கட்டிய கட்டடத்தின் வாசலில் செடி நட்டோம். பிறகு ஏசியில் போய் உட்கார்ந்தோம்.

இறுதியாண்டு நூர்ஜஹான் மட்டும் செடியோடு நிற்கவில்லை. அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கொஞ்சம் நிலம். “ஜெனரேட்டர்ல எல்லா சிஸ்டமும் எதுக்கு சார் ஓடணும்? முறை வச்சு விடுவோம்” என்று அதையே புராஜெக்ட் ஆக்கினாள். அவள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைசியில் இருக்கும் கடைமடை வயலுக்குத்தான் முதல் முறை. வாய்க்கால் தொடங்கும் இடத்துத் தலைமடைக்காரர் காத்திருக்க வேண்டும். புரோகிராமும் அப்படியே. சுவிட்ச் போர்டு பக்கம் தலைமடை, கடைசி வரிசை கடைமடை. தாளாளரின் திரை சுவிட்ச் போர்டை ஒட்டி இருந்தது.

ஆய்வு நாளில் அது அணைந்ததும், “அந்தப் பொண்ணு புராஜெக்டுக்கு முட்டை போடுங்க” என்று தாளாளர் என் காதில் சீறினார். ஃபெயில் ஆனால் அவளுக்குக் கிடைத்திருந்த சென்னை வேலை போய்விடும்.

குழுவில் வந்திருந்த பேராசிரியை அவளைக் கூப்பிட்டார். “ஏம்மா, உங்க தாளாளர் திரையவே அணைச்சிட்டியே?”

“அது சும்மா நல்வரவுதான் மேடம் சொல்லிட்டு இருந்துச்சு. கடைசி வரிசைல பசங்க வேலை செய்யறாங்க.”

பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். “மாணவர் பங்குன்னா இதுதாங்க” என்று தாளாளரைப் பாராட்டினார்.

“எல்லாம் நம்ம ஐடியாதாங்க” என்றார் அவர்.

குழுவின் கார் கேட்டைத் தாண்டியதும் தாளாளர் என் பக்கம் திரும்பினார். “மார்க்கப் போட்டுருங்க. ஆனா இனிமே என் ரூம்தான் கடைமடைன்னு மாத்தி எழுதச் சொல்லுங்க.”

நான் மார்க் போட்டுக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் நூர்ஜஹானிடம் இதைச் சொன்னேன்.

“வாய்க்கால் எங்க முடியுதோ அதான் சார் கடைமடை. அவர் வேணும்னா கடைசி வரிசைக்கு வந்துரட்டும்.”

இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். மாணவர்களைப் பங்கேற்கச் சொன்னால் உண்மையாகவே பங்கேற்றுவிடுவார்கள். கூப்பிடும் முன் உங்கள் நாற்காலி எந்த மடையில் கிடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.