மரத்துப் போச்சு என்றேன்

மைசூரில் முதலில் எனக்கு விசித்திரமாகப் பட்டது பால்தான். இங்கே அது ஹாலு. புலி என்பது ஹுலி. நம் சொற்களே வேறு சட்டை போட்டுக்கொண்டு எதிரில் வருவது போலிருக்கும். கோபியிலிருந்து வந்து சில வருடம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டியபின் கன்னடத்தில் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தேன். ஆனால் பயம் வந்தால் வாய் தமிழுக்குத்தான் ஓடும். வெளியூரில் பிழைக்கிற உங்களில் பலருக்கும் இது தெரிந்திருக்கும். எனக்கு அன்றுதான் தெரிந்தது.

காலை ஷிப்ட். இரும்புத் துண்டைப் பொருத்தப் போனேன். வலது கை எழவில்லை. யாருடைய கையோ என் தோளில் தொங்குவது போலிருந்தது. சூப்பர்வைசர் சோமண்ணாவிடம் போய், "கை மரத்துப் போச்சு" என்றேன். கன்னடத்தில் 'மரெது ஹோய்து' என்றால் மறந்து போயிற்று என்று அர்த்தம். நான் எதையோ வீட்டில் மறந்துவிட்டு வந்ததாக நினைத்து அவர் சிரித்தார்.

"ஏனப்பா, ஏனு மரெது ஹோய்து?"

எதை மறந்தாய் என்று கேட்கிறார். பதில் சொல்ல வாய் திறந்தேன். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. என் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது. கேன்டீன் வேனில் என்னைப் படுக்கவைத்து அவரே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

பக்கவாதம் என்றார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. பீடி, சிகரெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாலிபால் ஆடுகிறவன். ரத்த அழுத்தம் பல வருடமாகவே கூடியிருக்க வேண்டும், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். என் மனைவி சரசு திகைத்துப்போய் நின்றாள்.

"பாத்ததே இல்லீங்க. அவருக்குத்தான் ஒண்ணுமே இல்லீங்களே."

வேலைக்குச் சேர்ந்த அன்று எடை பார்த்தார்கள், கண் பார்த்தார்கள். அதோடு சரி. மெஷினுக்கு மட்டும் தவறாமல் எண்ணெய் போட்டார்கள்.

கால் தேறியது, கை பாதி தேறியது. ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். எல்லோருக்கும் வருடாவருடம் பரிசோதனை வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, தள்ளிப்போட்டார். ஒருவழியாக அவர் ஒப்புக்கொண்டபோது பின்வாங்கியவர்கள் என் கூட்டாளிகள்தான். நோய் இருப்பது தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற பயம். யாரையும் நீக்கமாட்டோம் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லும்வரை நான் விடவில்லை. அப்படியும் பரிசோதனை அன்று டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

கடைசியில் சோமண்ணா போய் உட்கார்ந்தார். டாக்டர் ஒரு கையில் ரத்த அழுத்தம் அளந்தார். மறு கையிலும் அளந்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சோமண்ணா என்னைத்தான் பார்த்தார்.

"நனகேனூ ஆகில்வல்லப்பா."

எனக்கு ஒன்றுமே ஆகவில்லையே என்கிறார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

அன்று சாயங்காலம் இதைச் சொல்ல அம்மாவுக்கு போன் செய்தேன். அதுவரை சரசுதான் பேசுவாள்; ஆஸ்பத்திரிக்கு அம்மா வந்திருந்தபோது எனக்குப் பேச்சே இல்லை. இப்போது பேச்சு முழுக்க வந்துவிட்டதாகத் தொழிற்சாலையில் எல்லோரும் சொன்னார்கள். வராதது ழகரம் மட்டும். கன்னடத்துக்கு அது வேண்டியதில்லை. இங்கே என்னை எப்போதுமே பளனி என்றுதான் கூப்பிடுவார்கள்.

எஸ்.டி.டி. பூத்தில் நின்று, "அம்மா, பளனிச்சாமி பேசறேன்" என்றேன்.

அம்மா மரியாதையாகக் கேட்டாள்.

"நீங்க எந்தூருங்க?"