ஒரு கட்டில் ராஜ்ஜியமும் மூன்று ராணிகளும்

ஆஸ்பத்திரி ஆயா வேலையில் பெட்பேன் தூக்குவது சுலபம்; கட்டிலில் கிடக்கிறவர்களின் பொழுதைத் தூக்குவதுதான் கஷ்டம். என்னைப் போல வார்டு கூட்டியவர்களுக்கும், மல்லாந்து கிடந்து கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணியவர்களுக்கும் இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. பெண்கள் வார்டில் மூன்று கட்டிலும் நிறைந்துவிட்டால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். யார் வழுக்கி விழுவார்கள், எந்தப் பாத்திரம் கவிழும், சிஸ்டர் எதற்குச் சத்தம் போடுவார் என்று நினைத்தே பாதி நாள் போகும். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். கவலைப்படுவதற்கு அந்தப் படிப்பே போதுமானதாக இருக்கிறது.

கோட்டுப் பொத்தான்

மழைக்காலத்தில் பேச்சியம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏலக்காய்க் கூடையோடு சரிவில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு ஒடிந்திருந்தது. டாக்டர் காலை நீட்டிக் கட்டி, கட்டிலின் கால்மாட்டில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டார். எலும்பு கூடும்வரை அசையக் கூடாது. அவளுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. வேலைக்குப் போகிறவரைதான் எஸ்டேட்டில் லைன் வீடு. கால் வராவிட்டால் வீடும் போய்விடும். இதைக் கங்காணி ஜன்னலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டு வேறு போனார். அன்றிலிருந்து அவள் வாயே திறக்கவில்லை.

அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். ஒரு மத்தியானம் கூட்டிக்கொண்டிருந்தபோது அவள் கட்டிலிலிருந்து முணுமுணுப்பு கேட்டது. கட்டம் போட்ட ஆஸ்பத்திரிப் போர்வையின்மேல் ஒரு வெள்ளைப் பொத்தானை வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். டாக்டர் கோட்டிலிருந்து விழுந்த பொத்தான். அதைத் தேடித்தான் நான் அலமாரிக்கு அடியிலெல்லாம் கையை விட்டுத் துழாவியிருந்தேன். "டாக்டர் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? குடு இங்க" என்று கையை நீட்டினேன். அவள் பொத்தானை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"சத்தம் போடாதீங்க ஆயம்மா, அவ இப்பத்தான் ஆத்துல இறங்கியிருக்கா."

அஞ்சு உசுரு

கோட்டுக்கு வேறு பொத்தான் தைத்துவிட்டேன். கறுப்புதான் கிடைத்தது. டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் வார்டுக்குள் வரும்போதெல்லாம் நான் மட்டும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றில் இறங்கியவள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் ஒரு ராணி. பேர் கிடையாது. பேச்சியம்மாள் 'நடக்குறவ' என்றுதான் சொல்வாள். மலைநாட்டு ஏலக்காயின் வாசனையை ஒரு பூதம் திருடிக்கொண்டு ஏழாவது மலைக்குப் போய்விட்டது. காய் காய்க்கிறது, முகர்ந்தால் ஒன்றும் இல்லை. வாசனையை மீட்க ராணி கத்தியோடு நடந்து போகிறாள். போர்வையில் ஒவ்வொரு கட்டமும் ஒரு நாடு. பேச்சியம்மாள் நல்ல காலை மடக்கினால் மலை, நீட்டினால் சமவெளி.

அடுத்த கட்டத்தில் இருப்பது வழியா, வம்பா என்று சொல்வதற்குப் புளியங்கொட்டை வேண்டும் என்றாள். சமையல்கட்டிலிருந்து கொண்டுவந்து, ஒரு பக்கம் மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிக் கொடுத்தேன். உருட்டிப் போட்டு வெள்ளை அதிகம் விழுந்தால் வழி திறக்கும். கறுப்பு அதிகம் என்றால் யானையோ, திருடனோ, மந்திரவாதியோ வருவான். தலையணை ஓரத்தில் தனியாக அஞ்சு கொட்டை இருந்தது. அவை ராணியின் உசுர். வம்பில் தோற்றால் ஒன்று போகும். அஞ்சும் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். எனக்கு அந்தக் கவலை வந்துவிட்டது.

"என்ன செய்ய, மொத மலையில இருந்து திரும்ப நடப்பா. நடக்குறதுக்கு அவளுக்கு என்ன வலிக்கவா போவுது?"

எந்தா களி?

நடுக் கட்டிலுக்கு டைபாய்டு காய்ச்சலோடு மலர் வந்தாள். போடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அப்போதுதான் மலை ஏறியவள். ஜன்னலோரக் கட்டிலில் பழனாத்தா. பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியில் நிலம் நீச்சு உள்ள குடும்பம். மகளின் பிரசவத்துக்கு வந்த இடத்தில் மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இளைப்பு கண்டுவிட்டது. மழை விடாமல் கீழே அனுப்ப மாட்டேன் என்று டாக்டர் பிடித்து வைத்திருந்தார்.

ஒரு நாள் அன்னம்மா சிஸ்டரின் செருப்புக்கு அடியில் புளியங்கொட்டை நறுக்கென்றது. நான் எப்போதும் பயந்தது அதற்குத்தான். சிஸ்டர் குனிந்து எடுத்து, மூன்று கட்டிலையும் பார்த்து, "இவிடெ எந்தா களி?" என்று கேட்டார். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. மலர் அதுவரை தலையோடு போர்த்திக்கொண்டு கிடந்தவள், துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். பழனாத்தாவுக்கு விஷயம் தெரியும். சிரித்துச் சிரித்து இளைப்பு வந்து, நான் ஓடிப்போய் முதுகு நீவிவிட வேண்டியதாயிற்று. மலருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"சிஸ்டர், எனக்கும் ஒரு உருண்டை களி குடுக்கச் சொல்லுங்க, கஞ்சி குடிச்சுக் குடிச்சு நாக்கே செத்துப்போச்சு!"

மலையில் ஒரு குடிசை

அதன் பிறகு ஒளிவு மறைவு இல்லை. மற்ற இரண்டு பேரும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "ராணி இன்னைக்கு எங்கக்கா போறா?" என்று மலர் கேட்பாள். பேச்சியம்மாள் போர்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "சேத்துக்கயேன். நாலு பேரு கூடுனா உனக்கும் பேச்சுத் துணைதானே?" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆளு கூடுனா அது என் காடா இருக்காது ஆயம்மா. இப்ப நான் நில்லுன்னா நிக்கா, போன்னா போறா" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. யார் பேசினாலும் எனக்கு அது நியாயமாகப் பட்டுவிடுகிறது. இது என்னோடு பிறந்த தொந்தரவு.

ஒரு நாள் பழனாத்தாவுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. ஊரில் நிலக்கடலை பிடுங்குகிற நேரம், கிணற்றடியில் ஆளும் பேருமாக இருக்கும், நான் இங்கே சுவரைப் பார்த்துக் கிடக்கிறேன் என்று என்னிடம் மட்டும் சொன்னார். சாயங்காலம் பேச்சியம்மாளைப் பார்த்து, கடன் கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க மலையில ஓரமா எனக்கொரு குடிசை போட்டுக்கட்டுங்களா? நான் பாட்டுக்கு இருந்துக்கறேன், ராணியத் தொந்தரவு பண்ண மாட்டனுங்க."

எல்லாரும் ராணி

அப்படிக் கேட்டவரிடம் பேச்சியம்மாளால் மறுக்க முடியவில்லை. குடிசை என்று கேட்டவர் இரண்டாம் நாள் அரண்மனை கட்டிவிட்டார். தலைவலி மாத்திரை வந்த சின்ன டப்பாதான் அரண்மனை. மலர் தன் வளையல் துண்டை எடுத்து வைத்து, "இதான் எங்க நாட்டு ராணி" என்றாள். பழனாத்தா ஒரு வெள்ளைப்பூண்டுப் பல்லை ராணியாக்கினார். பூதமாக இருக்க ஆள் வேண்டுமே என்று பேச்சியம்மாள் கேட்டாள். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் பூதமானதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பாதை ஆனதுதான் கொடுமை. பேச்சியம்மாள் கதவோரம், மலர் நடுவில், பழனாத்தா ஜன்னலோரம். ராணி ஒரு போர்வையிலிருந்து இன்னொரு போர்வைக்குப் போகவேண்டும் என்றால் என் உள்ளங்கையில் உட்கார்ந்துதான் போகவேண்டும். கொட்டையையும் நானேதான் சுமக்கவேண்டும். நான் பெட்பேன் கழுவப் போனால் மூன்று நாடும் அப்படியே நிற்கும். "வெள்ளை விழுந்துச்சா?" என்று ஒருத்தி கத்துவாள். "விழுந்துச்சுக்கா" என்று மலர் சொல்வாள். போய்ப் பார்த்தால் கறுப்பு. "நீ என் போர்வைக்குள்ள கண்டவளையும் விட்டுட்ட" என்று பேச்சியம்மாள் என்னைப் பிடித்துக்கொள்வாள். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். மணல் மூட்டை தொங்குகிற கட்டிலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததும் அந்த நாட்களில்தான். சத்தம் கேட்டு உள்ளே வந்த அன்னம்மா சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"தனியா களிச்சா பைத்தியம், கூட்டமா களிச்சா வழக்கு! இந்த வார்டுக்கு வேற வழியே இல்லியோ ஆயம்மே?"

பல்லக்கு

ஒரு மத்தியானம் பேச்சியம்மாள் ஊசி போட்ட மயக்கத்தில் தூங்கிவிட்டாள். பொத்தான் மலரின் போர்வையில் இருந்தது. ஆட்டத்தை நிறுத்திவைக்கலாமே என்று நான் சொன்னேன். "சும்மா ஒரு மலை தாண்டிக்கிறோம் ஆயம்மா" என்றாள் மலர். ஒரு மலை தாண்டியதில் ராணிக்கு இரண்டு உசுர் போயிற்று. பழனாத்தாவுக்கு மனசு பதறிவிட்டது. "பாவம், ஒத்தப் பொம்பள எத்தனை தூரந்தான் நடப்பாங்க?" என்று தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, பொத்தானை அதில் உட்காரவைத்து, பல்லக்கு என்று சொல்லித் தன் அரண்மனையில் சேர்த்துக்கொண்டார். மலர் புதுப்பெண் இல்லையா, பக்கத்து நாட்டு இளவரசனுக்குக் கல்யாணமும் பேசிவிட்டாள். இரண்டு பேரும் அன்பாகத்தான் செய்தார்கள். நான் கூடவே இருந்து பார்த்தேன்.

பேச்சியம்மாள் விழித்ததும் சந்தோஷமாகச் சொன்னார்கள். "இனிமே அவ நடக்கவே வேண்டாங்க" என்றார் பழனாத்தா. பேச்சியம்மாள் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. அவள் உடம்பு குலுங்கியதில் கால்மாட்டில் மணல் மூட்டை ஆடியது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன். சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் தூங்குனா அவளும் தூங்கியிருக்கணும். நடக்குறவளைப் போயி எதுக்கு உக்கார வச்சீங்க?"

ஜன்னல் கட்டில்

மூட்டையை அவிழ்த்தாயிற்று. எலும்பு கூடிவிட்டது, இனி பிடித்துக்கொண்டு ஊன்றி நடக்கலாம் என்றார் டாக்டர். பேச்சியம்மாள் காலைத் தொங்கவிடுவாள், தரை பட்டதும் வெடுக்கென்று மேலே இழுத்துக்கொள்வாள். ஊன்றினால் மறுபடியும் ஒடியும் என்கிற பயம். சிஸ்டர் திட்டிப் பார்த்தார், நான் கெஞ்சிப் பார்த்தேன். கங்காணி மறுபடியும் ஜன்னலில் வந்து, அடுத்த காயெடுப்புக்கு ஆள் வரவில்லையென்றால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றார். அவள் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். பல்லக்கு விஷயத்துக்குப் பிறகு ஆட்டமும் இல்லை. பொத்தான் ஜன்னலோரத் தீப்பெட்டியிலேயே இருந்தது. அவள் அதைக் கேட்கவும் இல்லை.

மழை விட்டது. பழனாத்தாவின் மருமகன் ஜீப்போடு வந்து வெளியே நின்றார். பழனாத்தா பையைக் கட்டிக்கொண்டே, "அம்மிணி, ராணிய என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். "ஆயம்மா, அவளை வாங்கிட்டு வாங்க" என்றாள் பேச்சியம்மாள். நான் பழக்கதோஷத்தில் கையை நீட்டிக்கொண்டு கிளம்பினேன். பின்னாலிருந்து அன்னம்மா சிஸ்டர் என் முழங்கையைப் பிடித்துவிட்டார். "ஆயம்மைக்கு வேற ஜோலியுண்டு" என்றார். எனக்கு வேறு ஜோலியே இல்லை. பழனாத்தா சிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தீப்பெட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "என்ற அரண்மனையில இருக்கறாங்க. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க" என்றார்.

பேச்சியம்மாளுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! "என் பொருளை வச்சுக்கிட்டு எனக்கே சட்டம் பேசுதியளோ" என்று கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தாள். கால் தரையில் பட்டது. இழுத்துக்கொள்ளவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். சத்தம் வராததால் திறந்தேன். நடுக் கட்டிலில் மலர் கையை நீட்டிக்கொண்டிருந்தாள், பேச்சியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கையை விட்டுவிட்டு ஜன்னல்வரை போனாள். தீப்பெட்டியைத் திறந்து பொத்தானை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மலர் கைதட்டி, "அக்கா, இனி தினமும் மூணு பேரும் நடந்து நடந்தே ஆடலாம்" என்றாள். "ஆட்டமா? இனிமே அவ என்கூட மட்டுந்தான் வருவா" என்று சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் தன் கட்டிலுக்குத் திரும்பி நடந்தாள் பேச்சியம்மாள்.

லைன் வீடு இப்போதும் அவளிடமே இருக்கிறது. சரிவுக்கு அனுப்பாமல் ஸ்டோரில் காய் பொறுக்குகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறாள். அன்று ஜீப்பில் ஏறப் போன பழனாத்தா, மருமகன் ஹாரன் அடிக்க அடிக்க, இளைத்துக்கொண்டே வார்டு வாசலுக்குத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மிணி, வாசனைய மீட்டுட்டாங்கன்னா ஆரு கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியுடுங்க. தெரியாமப் போனா ஊட்டுக்குப் போயும் எனக்குத் தூக்கம் புடிக்காதுங்க!"

பேச்சியம்மாள் எழுந்து ஜன்னல்வரை போனது ஆட்டத்தில் ஆள் கூடியதால், திரும்பி நடந்தது அந்த ஆட்களிடமிருந்து தப்பிக்க. இதில் எந்தப் பாதி வைத்தியம் என்பது கறுப்புப் பொத்தான் போட்ட டாக்டருக்கும் தெரியவில்லை, பாதையாகவும் பூதமாகவும் இருந்த எனக்கும் தெரியவில்லை.