வெள்ளி மறைந்திருந்த தை மாதம்

நிச்சயதார்த்தம் முடிந்து என் கல்யாணம் தள்ளிப்போனதற்குக் காரணம் சுக்கிரன். மாப்பிள்ளை வீடு குடியாத்தம். வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். "இப்போ மூடம் நடக்குது, முடிஞ்சப்புறம் நாள் குறிக்கலாம்" என்று அவருடைய அம்மா போனில் சொன்னார். ஆம்பூரில் எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை.

மாப்பிள்ளையிடமே கேட்டேன். சுக்கிரன் சூரியனை ஒட்டிப் போய்விடுமாம். கூடவே உதித்துக் கூடவே மறைவதால், அந்த வெளிச்சத்தில் நம் கண்ணுக்குத் தெரியாதாம். மறுபடி தெரிகிற வரைக்கும் மூடம், அதுவரை தாலி கட்டக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, என் கல்யாணமாக மட்டும் இல்லாமலிருந்தால்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். "நட்சத்திரம் காணாம போய்ட்டுச்சாம். பொண்ணு பிடிக்கலன்னா நேரா சொல்ல வேண்டியதுதானே?" தை மாதத்து முகூர்த்தமெல்லாம் போயே போய்விட்டது. மாசி பாதிக்குள் அவர்கள் நாள் சொல்லாவிட்டால் சம்பந்தத்தை முறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். எனக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது.

நான் ஷூ ஃபேக்டரியில் தையல் மெஷின் ஓட்டுகிறேன். கார்த்திகையில் விடியற்காலை வேன் ஏறும்போது கிழக்கே வெள்ளியைப் பார்த்த ஞாபகம் இருந்தது. அங்கேதான் திரும்பி வரும் என்று நினைத்து, தினமும் கிழக்கையே முறைத்துக்கொண்டு வேனுக்கு நின்றேன். ஒன்றும் வரவில்லை. மாமியார் ஆகப்போகிறவர் பொய் சொல்கிறாரோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்து மெஷின்காரி என் தோஸ்த். வீட்டில் உருது பேசுகிறவள். என் புலம்பலைக் கேட்டுச் சிரித்தாள்.

"பிறை பார்க்காம நாங்க நோன்பு பிடிக்கிறதில்ல. வெள்ளி பார்க்காம அவங்க கல்யாணம் பண்றதில்ல. இதுல இன்னா பேஜார் உனக்கு?"

ரம்ஜான் பிறை பார்க்கும் நாள் வந்தபோது, ஷிப்ட் முடிந்ததும் என்னைத் தன் வீட்டு மாடிக்கு இழுத்துப்போனாள். தெரு முழுக்க மாடிகளில் ஜனம். எல்லோருடைய முகமும் மேற்கே. மலைக்கு மேலே நூல் மாதிரிப் பிறை தெரிந்ததும் ஒரே சந்தோஷ இரைச்சல். நான் பிறையைப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே, மலையைத் தொடுகிற மாதிரி, பளிச்சென்று ஒரு புள்ளி இருந்தது.

உடனே அவருக்கு போன் போட்டேன். "மேற்கால பாருங்க. பிறைக்குக் கீழ இருக்கிறது அதுதானா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவருடைய அம்மா போனைப் பிடுங்கிவிட்டார்.

"நீயும் பார்த்துட்டியா கண்ணு? காலையில கிழக்கால மறைஞ்சா சாயங்காலம் மேற்காலதான் வரும். தெனம் மாடிப்படி ஏறி ஏறி என் முட்டியே போய்டுச்சு. என்னிக்கு உன்னைக் கூட்டிக்கினு வர்றதுன்னு நானும் தவிச்சுக்கினு இருக்கேன்."

"அத்தை" என்றேன். இவரையா பொய்க்காரி என்று நினைத்தேன்!

ஓட்டமாக வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கள் மாடிக்கு ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. வெள்ளி மலைக்குப் பின்னால் இறங்கிப் போயிருந்தது.

அப்பா இடுப்பில் கை வைத்து மேற்கே கொஞ்ச நேரம் தேடினார். பிறகு விரலை நீட்டினார்.

"அதானே? நல்லாத்தான் இருக்குது. நாளைக்கே குடியாத்தம் போய் நாள் குறிச்சிட்டு வர்றேன்."

அவர் காட்டியது செல்போன் டவர் விளக்கு.

"ஆமாம்பா" என்றேன்.