பழைய சிஸ்டமே இருக்கட்டும்

அந்த மருந்துக் கிடங்கில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் அவனை 'பூட்டு' என்றுதான் சொன்னார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பில் போடும் கம்ப்யூட்டர் அரதப் பழசு. அதன் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தவர்களே அதை எப்போதோ கைகழுவிவிட்டார்கள். ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அப்படியே நின்றுவிடும். திரும்ப எழுப்பத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எழுப்பும்போது முதுகை வளைத்துத் திரையை மறைத்துக்கொள்வான், என்னமோ அணுகுண்டு செய்கிறவன் மாதிரி.

அதுவரை வாசலில் லாரி நிற்கும். கடைக்காரர்கள் போனில் கத்துவார்கள். பூட்டு ஐயா ஆற அமர டீ குடிப்பார். ஒரு தரம் பில் போடும் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து போன் மேல் போன். கடைசி பில்லில் சிஸ்டம் நின்றுவிட்டது. "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி கெஞ்சும்மா, வர்றேன்" என்றான். அவளும் கெஞ்சினாள். சுற்றி இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவன் டீயை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். சீ, என்ன ஜென்மம்!

மனைவியின் தம்பியை அங்கேயே பெட்டி அடுக்கச் சேர்த்துவிட்டிருந்தான். அதைச் சொல்லிச் சொல்லி நாலு பேர் முன்னால் அவனைக் குத்திக்காட்டாத நாள் கிடையாது.

"என் தம்பிக்காவது அதைச் சொல்லிக் குடுங்களேன்" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். "என்ன குறைஞ்சிடப் போகுது?"

"சொல்லிக் குடுத்துட்டா என்னை எதுக்கு வச்சிருப்பாங்க? எனக்கு வேற என்ன தெரியும்?"

அவளிடம் அவன் மனம்விட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கடைசியில் முதலாளிக்கே பொறுமை போய்விட்டது. ஒரு இன்ஜினியரை வரவழைத்து, எல்லோரையும் பில் மேஜையைச் சுற்றி நிற்கவைத்து, புது சிஸ்டம் போடலாமா வேண்டாமா என்று கேட்டார்.

இன்ஜினியர் வெகுநேரம் குடைந்தார். "இதுக்கு இன்டர்நெட் கிடையாது, அதனால வைரஸ் பயமில்ல. இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும். நடுநடுவுல நிக்குது, அது ஒண்ணுதான் தொல்லை."

பூட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அதான் சார் நானும் சொல்றேன். எதுக்கு வீண் செலவு?"

"மாத்திடுங்க சார்" என்றாள் பில் போடும் பெண்.

"மாத்துங்க" என்றார் லாரி டிரைவர். "மாத்திடலாம் சார்" என்றான் மச்சினன். யாரும் காரணம் சொல்லவில்லை. கம்ப்யூட்டரையும் யாரும் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

"அப்ப மாத்திடுவோம்" என்று முதலாளி இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"சார், இருங்க சார். எழுப்புறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. யார் வேணும்னாலும் செய்யலாம். நானே எல்லாருக்கும் சொல்லித் தர்றேன்."

"இப்பவே சொல்லுங்க" என்றார் முதலாளி.

இன்ஜினியர் குடைந்ததில் சிஸ்டம் நின்றுதான் இருந்தது. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கீபோர்டுல மேல் வரிசையில கடைசி பட்டனை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணும்மா. ரெண்டாவது வரியைத் தட்டு. அவ்வளவுதான்."

திரை வெளிச்சமாகி, பாதியில் விட்ட பில் வந்து நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதானா அண்ணா?"

முதலாளி தானே ஒரு தடவை அணைத்து எழுப்பிப் பார்த்தார். மச்சினனைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னார். பெட்டி அடுக்குகிறவனுக்கும் கச்சிதமாக வந்தது.

"பழைய சிஸ்டமே இருக்கட்டும்" என்று இன்ஜினியரிடம் சொல்லிவிட்டுப் பூட்டைப் பார்த்தார். "நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அவன் மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டான். "டேய், நீயாவது சார்கிட்ட சொல்லுடா."

"என்னன்னு சொல்றது அத்தான்?" என்று கையை விடுவித்துக்கொண்டான் மச்சினன். "நீங்கதான் எல்லாத்தையும் சொல்லிட்டீங்களே."