கீழ்ப்பக்கம் செத்த போன்

தெஹியோவிட்ட பஜாரில் இந்திரகுமாரின் போன் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைதான் இருக்கிறது. அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆகவே அவனைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. நல்லதையும் சொல்வேன், கெட்டதையும் சொல்வேன். அவன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அவன் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். பையன் கத்தியைத் தொடாமல் பக்கத்து டவுன் அவிசாவளைக்குப் போய், ஒரு சிங்கள முதலாளியிடம் போன் ரிப்பேர் பழகி, திரும்பி வந்து கடை போட்டான். பஜாரில் சிங்களவர்களின் போன் கடைகளும் இருக்கின்றன. சிங்களம் பேச எங்கள் ஆட்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இருந்தும் அந்தக் கடைகளையெல்லாம் தாண்டி இவனிடம்தான் வருவார்கள். "நம்ம புள்ள, ஏமாத்த மாட்டான்" என்பதுதான் காரணம். வேறு காரணம் கிடையாது.

வருகிறவர்களுக்குப் போனோடு ஒரு பிரசங்கமும் கிடைக்கும். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்.

"போன்ல ரெண்டே கட்சிதாங்க. ஒண்ணு ஐபோன், இன்னொன்னு அண்ட்ராய்டு. நம்ம யூனியன் மாதிரி. ஒண்ணுல சேந்துட்டு மத்ததுக்கு மாறுனா கொஞ்ச நாளைக்கு எந்தப் பக்கமும் ஒட்டாது. ஐபோன்ல திரும்பி வர்ற பட்டன் கெடையாது, வெரலாலதான் தள்ளணும். அண்ட்ராய்டுல அடியில மூணு பட்டன் இருக்கும். முக்கோணம், வட்டம், சதுரம். அதுலயும் ஒரு கம்பனி திரும்பி வர்ற பட்டன எடது பக்கம் வைப்பான், இன்னொருத்தன் வலது பக்கம் வைப்பான். ஒங்க கை எதுக்குப் பழகியிருக்குனு சொல்லுங்க, நான் போனைச் சொல்றேன்."

கேட்கிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். பிறகு அவன் எதை எடுத்துக் கொடுக்கிறானோ அதை வாங்கிக்கொண்டு போவார்கள்.

புஷ்பமும் அப்படித்தான் வந்தாள். தோட்டத்தின் மேல் டிவிஷனில் பால் வெட்டுகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகள் சுதர்ஷினி ஜோர்தானில் கார்மெண்ட் வேலை செய்கிறாள். புஷ்பத்தின் பழைய போன் பால் வாளிக்குள் விழுந்து, ரப்பர் கட்டியோடு கட்டியாக வெளியே வந்திருந்தது.

"மக ஐபோன் எடுக்கச் சொல்லுதுங்க தம்பி. ஆனா எனக்கு அந்த முக்கோணந்தான் பழக்கம். எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா அத அமுக்கித்தான் வெளிய வருவேன். எதுங்க நல்லது?"

பலகைக்கு இந்தப் பக்கம் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது வழக்கமான வியாபாரமாகத்தான் கேட்டது. அங்கே நடந்தது வேறு. இது பின்னால் அவனே என்னிடம் சொன்னது.

அதற்கு முன்தினம் ஒரு ஆட்டோக்காரனிடம் சரியாகப் பார்க்காமல் ஒரு போனை வாங்கி ஏமாந்திருந்தான் இந்திரகுமார். பார்க்கப் புதுசு போல இருக்கும். ஆனால் திரையின் அடிப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குத் தொட்டால் வேலை செய்யாது, செத்துப்போயிருந்தது. அந்த மூன்று பட்டன்களும் இருக்கிற இடமே அதுதான். பெரிய ரிப்பேர்க்காரன் ஒரு ஆட்டோக்காரனிடம் ஏமாந்தான் என்பதை வீட்டில் சொல்லவும் வெட்கம். ஆகவே பட்டன்களை மறைத்துவிட்டு, திரையின் நடுப்பக்கமாக ஒரு வட்டப் புள்ளி மிதக்கிற மாதிரி செய்து வைத்திருந்தான். அந்தப் புள்ளியை அமுக்கினால் திரும்பி வரலாம்.

"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குக்கா" என்று அதைத்தான் எடுத்துக் கொடுத்தான். "பட்டனெல்லாம் பழைய காலம். இந்த ஒரு புள்ளி போதும். ஐபோன் வச்சிருக்கவங்களே இப்ப இப்படித்தான் போட்டுக்கிறாங்க."

புஷ்பம் புள்ளியை அமுக்கிப் பார்த்தாள். வெளியே வந்தது. அவளுக்குச் சந்தோஷம். போகிற வழியில் என் கடைக்குள்ளும் தலையை நீட்டி, "எனக்குன்னே புள்ளி வச்சுக் குடுத்தாருங்க" என்று காட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே புஷ்பத்திடமிருந்து அவனுக்கு ஒரு பை நிறைய ரம்புட்டான் பழம் வந்தது. லயத்திலிருந்து அவள் சொல்லி வந்த ஆட்கள் வேறு. இந்திரகுமார் ரம்புட்டானைத் தொடவில்லை. முழுவதையும் என் மேசையில் கொட்டிவிட்டு, "நீங்களே தின்னுங்கண்ணே, எனக்கு வயிறு சரியில்ல" என்றான். நானும் மொக்குமொக்கென்று தின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் மறுபடி வந்தாள். முகம் வாடியிருந்தது. மகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, அன்றைக்குத்தான் போனில் கோல் போடுவாள். மணி அடிக்கிறது, அடியில் பச்சை வட்டம் வருகிறது, அதை மேலே இழுத்தால் வர மாட்டேன் என்கிறது. பேசிப் பதிந்து அனுப்பலாம் என்றால் அந்த மைக் படமும் அமுங்கவில்லை. போனில் அவளுக்குத் தெரிந்ததே இந்த இரண்டும், மகள் பேசி அனுப்புவதைப் போட்டுக் கேட்பதும்தான். மகள் போகும்போது சொல்லிக் கொடுத்தது.

"போன்ல ஒரு கொறயும் இல்லைங்க தம்பி" என்று அவசரமாகச் சொன்னாள். "படமெல்லாம் பளிச்சுனு தெரியுது. என் வெரலுதான் போலருக்கு. பால்லயும் அத ஒறைய வைக்கிற அசிட்லயும் கெடந்து செத்துப்போன வெரலுங்க. கண்ணாடிக்குத் தெரிய மாட்டேங்குதா?"

அந்த நேரத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். போனை வாங்கி வைத்துக்கொண்டு வேறொன்றைக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஒரு லயத்துக்குத் தெரிந்தால் எல்லா லயத்துக்கும் தெரியும். கடை போய்விடும் என்று பயந்தான்.

"ஆமாக்கா" என்றான். "ரப்பர் பால் பட்ட வெரல கண்ணாடி ஏத்துக்காது. கொஞ்சம் சுத்தமா வச்சுக்கிட்டுப் பாருங்க."

நானும் அதை நம்பினேன். நம்மவனே சொல்கிறான், பிறகென்ன?

அவள் எலுமிச்சங்காயும் மணலும் போட்டுக் கையைத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. வெள்ளிக்கிழமைகளில் கோல் வந்தது, வட்டம் அசையவில்லை. கடைசியில் கங்காணியிடம் போய், பால் வெட்டு வேண்டாம், புல்லு வெட்டப் போகிறேன் என்று மாற்றிக்கொண்டாள். இத்தனை வருஷம் கத்தி பிடித்த பொம்பளை! வேலையிலும் மதிப்பு குறைவு, கையில் வருவதும் குறைவு. கை சுத்தமாக இருந்தால் போதும் என்று போய்விட்டாள்.

இதையெல்லாம் அடுத்த முறை வந்தபோது அவளே சொன்னாள். அதுவும் ஒரு ஞாயிறு. கடையில் வேறு ஆட்கள் இல்லையா என்று பார்த்துவிட்டு, மகள் பேசி அனுப்பியிருந்ததை அவனுக்குப் போட்டுக் காட்டினாள். பலகை இடுக்கு வழியாக எனக்கும் தெரிந்தது, கேட்டது.

"அம்மா, நான் கட்டிக்க நெனக்கிற லஹிரு நல்லவன்மா. சிங்களம்னு நீங்க யோசிப்பீங்கனு தெரியும். அதுக்காக எத்தன வாரமா கோலக்கூட எடுக்காம இருப்பீங்களா? திட்டணும்னா திட்டுங்க, பேசுங்கம்மா. இந்த வெள்ளிக்கெழமயும் எடுக்கலனா ஒங்களுக்கு நான் வேணாம்னு நெனச்சுக்குவேன். அப்புறம் ஊருக்கு வர மாட்டேன்."

புஷ்பம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குச் சம்மதந்தாங்க தம்பி. முதல்ல வருத்தமா இருந்துச்சு, இல்லைங்கல. அது ஆசப்பட்டுருச்சு, நல்லா இருக்கட்டும். இதச் சொல்லத்தான் முடியல. லயத்துல யார்கிட்டயும் போன் கேக்கவும் பயமாருக்கு, காதுல விழுந்தா கத கட்டிருவாங்க."

இந்திரகுமார் அவள் போனிலிருந்தே ஜோர்தானுக்குக் கோல் போட்டான். மணி அடித்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள். வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். "வெள்ளிக்கெழம கெடச்சிரும்க்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டான். மைக்கை அமுக்கிக் காட்டச் சொல்லி அவள் கேட்டபோது, காது கேட்காதவன் போல வேறு எதையோ தேடினான்.

அவள் போனதும் நான் எழுந்து அவன் கடைக்குள் போனேன். "ஒன் வெரலும் பால் பட்ட வெரலா? நீ ஏன்டா அமுக்கிப் பாக்கல?" என்று கேட்டேன்.

அவன் அழுதுவிட்டான். எல்லாவற்றையும் கொட்டினான். எனக்குக் கன்னத்தில் ஒன்று விடலாம் போல கை பரபரத்தது. "போன வித்தது ஒரு அயோக்கியத்தனம். அவ கை மேல பழியப் போட்டியே, அதுக்கு என்ன பேரு?" என்றேன். அந்த வாரம் முழுக்கப் பிரசங்கம் கேட்கவில்லை. வந்தவர்களிடம், "புடிச்சத எடுங்க, ஆனா அமுக்கிப் பாத்து எடுங்க" என்று மட்டும் சொன்னான். வீட்டில் சோறு இறங்கவில்லை என்று அவன் மனைவி சுஜீதா வந்து என்னிடம் புலம்பினாள். கடைக்கு வரச் சொல்லலாம் என்று புஷ்பத்துக்குக் கோல் போட்டான். போட்ட பிறகுதான் அந்தப் போனில் அவளால் எதையும் எடுக்க முடியாது என்ற ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டினான். தனியாகப் போக முகமில்லை, நீங்களும் வாங்கண்ணே என்றான். பஸ்ஸில் போய், ரப்பர் மரங்களுக்கு ஊடாக ஏறி, லயத்துக்குப் போனோம். பையில் இரண்டு நல்ல போன்கள். ஒரு ஐபோன், ஒரு மூன்று பட்டன் போன்.

புஷ்பம் வேலைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து, கழுவிய கைகளை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்து பச்சைப் புண்ணாக இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டின் மேல் அந்தப் போன்.

இந்திரகுமார் இரண்டு போனையும் எடுத்து நீட்டினான். "அக்கா, ரெண்டுல ஒங்களுக்கு எது வேணும்? நீங்களே சொல்லுங்க."

"நீங்க எதக் குடுத்தாலும் சரிங்க. ஒங்களுக்குத் தெரியாததா?"

அவன் மூன்று பட்டன் போனைத் திறந்து, அவள் சிம்மை மாற்றி, வேண்டியதையெல்லாம் போட்டு முடித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஒங்க கைல ஒண்ணுமில்லக்கா. அந்தப் போன்லதான் கொற. கீழ்ப்பக்கம் செத்துப்போச்சு. குடுக்கும்போதே எனக்குத் தெரியும்."

புஷ்பம் தன் கைகளைப் பார்த்தாள். திருப்பி உள்ளங்கையையும் பார்த்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் போன் அடித்தது.

பச்சை வட்டத்தை மேலே இழுத்தாள். ஒரே இழுப்பில் திறந்தது. மகளின் முகம் வந்தது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். "சம்மதந்தாண்டி, லஹிருவக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வா" என்றாள் தாய். அந்தப் பிள்ளை அங்கே வாயைப் பொத்திக்கொண்டு விம்மியது எங்களுக்கும் கேட்டது. பிறகு, ஏன் இத்தனை நாள் எடுக்கவில்லை என்று மகள் கேட்டாள்.

"போனு பழுதும்மா."

"எவன் வித்தான் அத? பழுதான போன வித்தவன சும்மா விட்டீங்களா? இந்திரகுமார் அண்ணன் கடையிலதான வாங்கினீங்க?"

புஷ்பம் உரிந்த விரல்களைச் சேலையில் மறைத்துக்கொண்டாள்.

"அவரு தெரியாமக் குடுத்துட்டாரும்மா" என்றாள். "விசயம் தெரிஞ்சதும் தானா ஓடி வந்து வேற போன் குடுத்திருக்காரு. தெரிஞ்சே குடுப்பாரா? நம்ம புள்ள."

செருப்பைக் கழற்றி நாலு போட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அப்படியே வாசலில் குந்திவிட்டான். நான் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.